வேலையிடத்தில் மறைக்காமல் இருப்பது: தன்பாலீர்ப்பும் துணைநிற்றலும், ஓர் எளிய விளக்கம்

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையிலோ, தேவகோட்டையில் ஒரு வங்கிக் கிளையிலோ, கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய ஒரு பழைய வீட்டிலோ புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், முதல் வாரம் முடிவதற்குள் மூன்று கேள்விகள் வந்துவிடும். எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை, கல்யாணம் ஆயிருச்சா. கேட்பவர்கள் மனதில் கெட்ட எண்ணம் கிடையாது. இங்கே பழக்கம் தொடங்குவதே அப்படித்தான். ஆனால் அந்த மூன்றாவது கேள்விக்கு உள்ளதை உள்ளபடி பதில் சொல்ல முடியாதவர்கள் நம்மோடு வேலை பார்க்கிறார்கள். ஆண் மீது ஈர்ப்புள்ள ஆண்கள், பெண் மீது ஈர்ப்புள்ள பெண்கள்.

இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நல்ல மனம் உள்ளவர்களே சொல்வது: "அவுக எப்படி வேணாலும் இருந்துட்டுப் போகட்டும், அதை வேலை பார்க்கிற இடத்துல எதுக்குச் சொல்லணும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்தக் கேள்வி எங்கே பிசகுகிறது, மறைப்பதால் ஒருவருக்கு என்ன ஆகிறது, பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்தால் உண்மையிலேயே உதவியாக இருக்கும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

ஒருவருக்கு யார் மீது காதலும் ஆசையும் வருகிறது என்பது பால் ஈர்ப்பு. அது தன் பாலினத்தவர் மீதே வந்தால் அவர் தன்பாலீர்ப்பாளர். தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ ஒருவர் உள்ளுக்குள் உணர்வது பாலின அடையாளம். திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் இந்த இரண்டாவது விஷயத்தைச் சேர்ந்தவை.

அதிகம் குழம்புவது இங்கேதான். தன்பாலீர்ப்புள்ள ஆண் தன்னை ஆணாகவே உணர்கிறார். சேலை கட்ட வேண்டும், பெண்ணாக மாற வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருக்க வேண்டியதில்லை. நடை உடை பேச்சை வைத்து "இவர் அப்படி இருப்பாரோ" என்று கணக்குப் போடுவதும் தப்பாகவே முடியும். மென்மையாகப் பேசும் பல ஆண்களுக்குப் பெண்கள் மீதுதான் ஈர்ப்பு. மூட்டை தூக்கும் முரட்டு ஆள் தன்பாலீர்ப்பாளராக இருக்கலாம்.

இது நோயும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று மருந்தோ சிகிச்சையோ கொடுப்பது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. ஆகவே நல்லெண்ணத்தோடு "மதுரையில ஒரு டாக்டர் இருக்காரு" என்று சொல்லும் யோசனையை இப்போதே ஓரமாக வைத்துவிடலாம்.

தன் ஈர்ப்பை மறைக்காமல், அதற்காகப் பொய் சொல்லாமல் வேலை பார்ப்பதை வெளிப்படையாக இருத்தல் என்போம். தான் அந்த வகையினர் அல்லாதபோதும், அவர்களுக்கு வரும் சுமையில் ஒரு பங்கைத் தன் தோளில் ஏற்றுக்கொள்பவரைத் துணைநிற்பவர் என்போம். மனதுக்குள் ஆதரவாக இருப்பது மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

படுக்கையறை விஷயமா?

ஒரு வேலையிடத்தில் சாதாரணமாக நடப்பதைக் கவனியுங்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் மனைவி, குழந்தைகள் படம். ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு ஒவ்வொரு இருக்கையாக வருகிறார், வெற்றிலை பாக்கு, குங்குமம், "குடும்பத்தோட வந்துரணும்." இன்னொருவர் "வீட்டுல அவளுக்கு ஸ்கேன் எடுக்கணும்" என்று அரை நாள் விடுப்புக் கேட்கிறார். கழுத்தில் தாலி, காலில் மெட்டி. திங்கட்கிழமை டீ குடிக்கும்போது, மாமனார் வீட்டுக்குப் போய் வந்த கதை.

இவை ஒவ்வொன்றும் பால் ஈர்ப்பைப் பற்றிய அறிவிப்புதான். எதுவும் படுக்கையறையைப் பற்றியது அல்ல. யாரோடு வாழ்கிறோம், யாருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஓடுகிறோம், யாருக்காகச் சேமிக்கிறோம் என்பதைப் பற்றியது. தன்பாலீர்ப்பாளர் கேட்பதும் இதே அளவுதான். "என் துணைக்குக் காய்ச்சல், சீக்கிரம் கிளம்பணும்" என்று பொய் கலக்காமல் சொல்ல முடிய வேண்டும். மற்றவர்களுக்கு யோசிக்காமலே கிடைத்திருக்கும் ஒன்றை இவர்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

வெளிப்படையாக இருத்தல் ஒரே நாளில் நடப்பது அல்ல

"சொல்லிட்டாரா, இல்லையா" என்று இரண்டே நிலை இருப்பதுபோல் பலரும் பேசுகிறார்கள். செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொண்டால் இது சரியாகப் புரியும். கணக்கு வழக்குப் பேச வந்தவர் முகப்போடு திரும்புவார். விசேஷத்துக்கு வந்தவர் வளவு வரைக்கும் வருவார். இரண்டாங்கட்டைத் தாண்டி அடுப்படிக்குள் போகிறவர் வெகு சிலர். யாரை எதுவரை கூப்பிடுவது என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்கிறார். அடுப்படி வரை போய் வந்தவர், அங்கே பார்த்ததை முகப்பில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.

ஒருவர் தன் ஈர்ப்பைச் சொல்வதும் இப்படிக் கட்டுக் கட்டாகத்தான் நடக்கிறது. கூட வேலை பார்க்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்கும், மேலாளருக்குத் தெரியாது. மேலாளருக்குத் தெரிந்திருக்கும், வாடிக்கையாளருக்குத் தெரியாது. வேலையிடத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஒவ்வொரு புது ஆளிடமும், ஒவ்வொரு இடமாற்றத்திலும் முதலிலிருந்து முடிவெடுக்க வேண்டும். முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கும் இது தீராத வேலை.

இதிலிருந்து துணைநிற்பவருக்கான முதல் விதி வருகிறது: உங்களுக்குச் சொன்னது உங்களுக்கு மட்டும். "எல்லாருக்கும்தான் தெரியுமே" என்று நினைத்துப் பேசியவர்களால்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தன்பாலீர்ப்பு என்பது யார் மீது ஈர்ப்பு என்பது பற்றியது, வேலையிடத்தில் அது சாதாரணக் குடும்பப் பேச்சாகத்தான் வெளியே வரும், யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதைச் சம்பந்தப்பட்டவரே, ஆளுக்கு ஆள் தனித்தனியாக முடிவு செய்கிறார்.

மறைப்பதற்கு என்ன செலவாகிறது

மறைப்பது என்றால் சும்மா இருப்பது என்று தோன்றும். உண்மையில் அது நாள் முழுக்க ஓடும் இரண்டாவது வேலை. "ஞாயித்துக்கிழமை என்ன பண்ணீக?" என்று கேட்டால், யாரோடு சினிமாவுக்குப் போனார் என்பதை மாற்றிச் சொல்ல வேண்டும். சென்ற மாதம் என்ன சொன்னோம் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். போனைக் கவிழ்த்தே வைக்க வேண்டும். துணையைக் கடைத்தெருவில் பார்த்தால் தெரியாதவர்போல் நடக்க வேண்டும். துணை இறந்துபோனால்கூட "தெரிஞ்ச ஒருத்தர் தவறிட்டாரு" என்று ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுநாள் கல்லாவில் உட்கார வேண்டும்.

இப்படி, சிறுபான்மையாக இருப்பதாலேயே மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கூடுதல் பாரம் இடைவிடாமல் மனதில் ஏறுவதைச் சிறுபான்மை மன அழுத்தம் என்கிறார்கள். இலான் மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003-இல் இதை விரிவாக விளக்கினார். அவர் சொன்னதன் சாரம்: கேலி, வேலை இழப்பு, அடி உதை போல வெளியிலிருந்து வருவது ஒரு பக்கம். அது எப்போது வருமோ என்று எந்நேரமும் எதிர்பார்த்துக் காத்திருப்பது, மறைப்பது, "நம்மிடம்தான் ஏதோ கோளாறு" என்று தானே நம்பத் தொடங்குவது ஆகியவை உள்ளிருந்து வரும் இன்னொரு பக்கம். யாரும் ஒன்றும் செய்யாத நாளிலும் இரண்டாவது பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். "இங்க யாரும் அவரை ஒண்ணும் சொல்லலையே" என்று நாம் நிம்மதி அடைய முடியாததற்குக் காரணம் இது.

வேலையில் இது எப்படித் தெரியும்? குடும்பத்தோடு போகும் சுற்றுலாவுக்கு வர மாட்டார். மதியச் சாப்பாட்டில் தனியாக உட்காருவார். நல்ல கை உள்ளவர் திடீரென்று வேலையை விட்டுத் திருப்பூர், சென்னை என்று போய்விடுவார். "ஒட்டாத ஆளு" என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

நம் ஊரில் ஏன் பாரம் கூடுகிறது

பெருநகரத்து நிறுவனங்களுக்கு எழுதிய அறிவுரைகளில், இவர்களின் அடையாளமான வானவில் பட்டையை அணியுங்கள், இவர்களுக்கான பெருமை மாதமான ஜூனைக் கொண்டாடுங்கள் என்று இருக்கும். அவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டால் வேர் பிடிக்காது. சென்னையில் அலுவலகம் வேறு, வீடு வேறு. இங்கே முதலாளிக்கு உங்கள் சித்தப்பாவைத் தெரியும். சக ஊழியரின் அக்காள் உங்கள் தெருவில் வாக்கப்பட்டிருப்பார். காரைக்குடியில் காலையில் கசிந்த செய்தி மாலைக்குள் பள்ளத்தூர் போய்ச் சேர்ந்துவிடும்.

கல்யாணத்துக்கு இருக்கும் கனமும் சேர்ந்துகொள்கிறது. நகரத்தார் சமூகத்தில் கல்யாணம் ஆன பிறகே ஒருவர் தன் கோயிலில் ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கில் சேர்கிறார். மற்ற சமூகங்களிலும் பெயர்தான் வேறு. குடும்பத்தின் ஊர்க் கணக்கு கல்யாணத்தில்தான் தொடங்குகிறது. அதனால் "எப்பத் தம்பி கல்யாணச் சாப்பாடு போடப்போறீக?" என்ற கேள்வி சிரிப்போடு வந்தாலும், கேட்கப்படுபவருக்கு அது ஒரு விசாரணை. செய்தி வீட்டுக்குப் போனால் அவசர அவசரமாகப் பெண் பார்ப்பதும், போனைப் பிடுங்குவதும், அறையில் பூட்டுவதும் நடக்கிறது. கட்டாயத்தில் நடக்கும் கல்யாணம் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுக்கிறது. இதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறோம்.

ஆகவே செட்டிநாட்டில் துணைநிற்பவரின் முதல் வேலை வாயைக் காப்பது. கொடி பிடிப்பது அதற்கு வெகு பின்னால் வரும்.

துணைநிற்றல் எப்படி வேலை செய்கிறது

1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் குழுவில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் அமர்த்திய ஆட்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே தப்பான பதிலைச் சொன்னபோது, விவரம் தெரியாத அந்த ஒருவர் சுமார் மூன்றில் ஒரு பங்கு தடவை தன் கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு போனார். அமர்த்திய ஆட்களில் ஒரே ஒருவர் மட்டும் சரியான பதிலைச் சொன்னபோது, அந்த அளவு ஏறக்குறைய 5 சதவீதமாகச் சரிந்தது.

துணைநிற்றலின் இயந்திரம் இதுதான். டீக்கடைப் பெஞ்சில் ஐந்து பேர் இருக்கும்போது ஒருவர் "ஒன்பது" என்று யாரையோ கேலி செய்கிறார். நான்கு பேர் சிரிக்கிறார்கள். அந்த நால்வரில் இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை; ஆனால் ஒவ்வொருவரும் "எல்லாரும் ரசிக்கிறாங்களே" என்று நினைத்துச் சிரித்து வைக்கிறார்கள். ஒருவர் சிரிக்காமல் "இது வேணாம்ணே" என்றால் அந்த ஒருமித்த தோற்றம் உடைகிறது. பேச்சாளர் உடனே திருந்திவிடுவார் என்று இல்லை. ஆனால் பிடிக்காமல் சிரித்து வைத்த மற்றவருக்கும் வாய் திறக்கிறது. அந்த ஐந்து பேரில் வெளியே சொல்லாத தன்பாலீர்ப்பாளர் ஒருவர் இருந்தால், யாரை நம்பலாம் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, என் பார்வையில் இதுதான் பெரியது. அதே வாசகத்தைச் சம்பந்தப்பட்டவர் சொன்னால் "உனக்கு ஏன் சுருக்குனு படுது?" என்ற கேள்வி வரும், அவர் அந்த இடத்திலேயே வெளிப்பட்டுப்போவார். மனைவி மக்களோடு இருக்கும் ஒருவர் சொன்னால் அவருக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. யாருக்குக் குறைவாகச் செலவாகிறதோ அவர் பேசுவதுதான் நியாயம்.

பேச்சு நடக்கும் நேரத்தில்

நீண்ட உரை தேவையில்லை. ஒரு வரி போதும், நேரம்தான் முக்கியம். கேலி வந்த பத்து நொடிக்குள் வர வேண்டும். பெரியவரிடம் என்றால் மரியாதை குறையாமல், "அண்ணே, அதை விட்டுருங்க, நல்லாயில்லை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். சம வயதுக்காரரிடம் "இதுல என்னப்பா சிரிப்பு இருக்கு? எனக்குப் புரியலை, சொல்லு" என்று நிதானமாகக் கேட்டால் போதும், கேலியை விளக்கச் சொன்னால் அது தானாக அடங்கும். முதலாளியோ வாடிக்கையாளரோ என்றால் அந்த இடத்தில் சிரிக்காமல் இருந்துவிட்டு, கூட்டம் கலைந்தபின் தனியாகப் பேசலாம். நாலு பேர் முன் ஒருவரை மட்டம் தட்டினால் அந்தக் கோபம் திரும்பிப் போய்ச் சேர்வது பலவீனமானவர் மீதுதான்.

கல்யாணக் கேள்வியிலிருந்து ஒருவரைக் காப்பது இன்னும் எளிது. "ஆச்சி, அவருக்கு எப்ப வேணுமோ அப்பச் சொல்லுவாரு, நீங்க மொதல்ல இந்தச் சீடை நமுத்துப்போச்சான்னு பாருங்க" என்று இடையில் புகுந்தால் போதும்.

ஒருவரைப் பற்றி "அவன் அப்படியாமே?" என்று கேட்டால் ஆமாம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. இரண்டும் செய்திதான். "இல்லவே இல்லை, அவன் நல்ல பையன்" என்று அடித்துப் பேசுவது உதவிபோலத் தோன்றும். ஆனால் அப்படி இருப்பவர் கெட்டவர் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். "அவரைப் பத்தி அவர்கிட்டயே கேளுங்க, நான் பேசமாட்டேன்" என்பதுதான் சரியான பதில். யாரைப் பற்றிக் கேட்டாலும் இதையே சொல்லிப் பழகினால், ஒருவரைக் காக்கும்போது மட்டும் குரல் மாறுகிறது என்ற சந்தேகமும் வராது.

ஒருவர் உங்களிடம் சொன்னால்

அவர் பல மாதம் யோசித்துத்தான் உங்களிடம் வந்திருப்பார். முதல் அரை நிமிடத்தில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். "என்கிட்ட சொன்னதுக்குச் சந்தோஷம்" என்று சொல்லுங்கள். அடுத்து இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: "வேற யாருக்குத் தெரியும்?" "நான் ஏதாவது செய்யணுமா, இல்லை கேட்டுக்கிட்டா போதுமா?" முதல் கேள்வியின் பதிலில்தான் நீங்கள் யாரிடம் வாய் தவறக் கூடாது என்ற எல்லை கிடைக்கும்.

எப்போதிலிருந்து, யாராவது கெடுத்துவிட்டார்களா, ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டால் சரியாகிவிடாதா, உங்கள் இருவரில் யார் ஆண் யார் பெண் என்றெல்லாம் கேட்க வேண்டாம். மறுநாள் பழையபடியே இருங்கள். கேரியரைத் திறந்து பகிர்ந்து சாப்பிட்டவர் தொடர்ந்து சாப்பிட வேண்டும். தோளில் கை போட்டவர் கையை எடுத்துவிடக் கூடாது. சொல்லிவிட்டுப் போன ஒருவர் அடுத்த ஒரு வாரம் இதையெல்லாம் எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உங்களுக்கு விவரம் தெரியாவிட்டால் அது குற்றமல்ல, படித்துக்கொள்ளுங்கள். 2021-இல், வீட்டை விட்டு வெளியேறிய மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்களின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு பிறப்பித்தார். தெரியாததைச் சம்பந்தப்பட்டவர் தலையில் கட்டாமல் தானே தேடிக் கற்றது அதில் முக்கியம்.

நல்லெண்ணம் எங்கே கோணுகிறது

துணைநிற்க வருபவர்கள் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பெருமையாக அறிமுகப்படுத்துவது ஒன்று: "இவரு யாருன்னு தெரியும்ல, ரொம்பத் தைரியசாலி" என்று மூன்றாம் நபரிடம் சொன்னால் ரகசியம் அங்கேயே உடைந்துவிட்டது. பாதுகாப்பு என்ற பெயரில் ஒதுக்குவது இன்னொன்று. "வாடிக்கையாளர் ஏதாவது சொல்லுவாங்க" என்று விற்பனை முகப்பில் நிற்பவரைக் கிட்டங்கிக்கு மாற்றினால், கமிஷனும் போகிறது, தப்பு அவர் மேல் என்றும் ஆகிறது. மாற்ற வேண்டியது கேலி செய்தவரை.

வேலை பற்றிய கண்டிப்பைத் தளர்த்துவதும் உதவியல்ல. கணக்கில் தப்பு வந்தால் மற்றவரிடம் சொல்வதுபோலவே சொல்லுங்கள். தனக்கு விவரம் புரியவில்லை என்று அவரையே எல்லாக் கேள்விக்கும் ஆசிரியர் ஆக்குவதும் சோர்வு தரும்.

சுருக்கமாக: துணைநிற்பவர் ரகசியத்தைக் காக்கிறார், தனக்குக் குறைவாகச் செலவாகும் நேரத்தில் பேசுகிறார், சொன்னவரிடம் பழையபடி பழகுகிறார். பேச்சை முன்னின்று நடத்துவதும் முடிவெடுப்பதும் அவர் வேலை இல்லை.

முதலாளி என்ன செய்யலாம்

ஆத்தங்குடியில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் டைல் பட்டறைக்கு மனிதவளத் துறை இருக்காது. ஒரு பக்கத் தாளே போதும். சாதி, மதம், பாலினம், பால் ஈர்ப்பு, உடல் குறை ஆகியவற்றை வைத்து யாரையும் கேலி செய்யவோ வேலையில் பாகுபாடு காட்டவோ கூடாது என்று தமிழில் எழுதி, வருகைப் பதிவேடு இருக்கும் இடத்தில் ஒட்டுங்கள். புகாரை யாரிடம் சொல்வது என்று ஒரு பெயர் எழுதுங்கள். முதலாளியின் உறவினராக இல்லாவிட்டால் நல்லது. புகார் கொடுத்தவர் பெயர் வெளியே போகாது என்றும் எழுதுங்கள், எழுதியபடி நடந்துகொள்ளுங்கள். பட்டியலில் "பால் ஈர்ப்பு" என்ற சொல் இருக்க வேண்டியது அவசியம். "எல்லாரும் சமம்" என்று பொதுவாக எழுதினால் அது யாருக்கும் ஒன்றும் சொல்லாது.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின்கீழ் பெண்கள் மட்டுமே புகார் கொடுக்க முடியும். ஆண் ஊழியர் புகாரையும் இதே குழு விசாரிக்கும் என்று நிறுவனம் தன் விதியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். தடை ஏதும் இல்லை. திருநர் ஊழியர்களைப் பொறுத்தவரை 2019-ஆம் ஆண்டுத் திருநர் சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்கச் சொல்கிறது.

படிவங்களையும் பாருங்கள். வங்கிக் கணக்குக்கு யாரை வேண்டுமானாலும் நாமினியாக நியமிக்கலாம். தன்பாலினத் துணைகள் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் ஒருவரை ஒருவர் நியமிக்கவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. வருங்கால வைப்பு நிதி வேறு மாதிரி. மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், நம்மைச் சார்ந்திருக்கும் பெற்றோர் என்று அதன் விதியில் சொல்லும் குடும்பம் இருந்தால் அவர்களுக்குள்தான் நியமனம் செய்ய முடியும். அப்படி யாரும் இல்லை என்றால்தான் வெளி ஆளை எழுதலாம். இதைத் தெரிந்த கணக்காளர் ஒருவர், "உறவுமுறை" என்ற கட்டத்தில் ஊழியர் தயங்கி நிற்கும்போது ஏன் எதற்கு என்று கேட்காமல் விதியை மட்டும் விளக்கினால் அது பெரிய உதவி.

சட்டம் எங்கே நிற்கிறது

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயது வந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தார்கள். 1860-இல் ஆங்கிலேயர் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு அந்த அளவுக்குச் செல்லாமல் போனது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. கல்யாண உரிமை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது.

வேலை விஷயத்தில் அரசு, தனியார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அரசுத் துறை, பொதுத்துறை வங்கி, பல்கலைக்கழகம் போன்ற இடங்களை அரசமைப்பின் சமத்துவப் பிரிவுகள் நேரடியாகக் கட்டுப்படுத்தும். உத்தரப் பிரதேசத்தில் பால் ஈர்ப்பைக் காரணம் காட்டி நீக்கப்பட்ட ஊர்க்காவல் படை வீரர் ஒருவரை மீண்டும் பணியில் சேர்க்க 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் பகுதிக்கு அப்படிப்பட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும்.

தனியார் கடையில் பால் ஈர்ப்பின் பெயரால் பாகுபாடு கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இல்லை. ஆனால் 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மேல்முறையீடு செய்யலாம். அதனால்தான் வேலைக்குச் சேர்ந்த தேதிக்கு ஏதாவது ஓர் எழுத்துச் சான்று கையில் இருக்க வேண்டும். சம்பளம் வங்கி வழியாக வந்தால் அதுவே சான்று.

சொல்லலாமா என்று யோசிப்பவருக்கு

சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. மறைத்தே வேலை பார்ப்பதும் கோழைத்தனம் அல்ல. சொல்ல முடிவு செய்தால் முதலில் அடித்தளத்தைச் சரி செய்யுங்கள். மூன்று மாதச் செலவுக்குப் பணம், உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் வங்கிக் கணக்கு, சான்றிதழ்களும் ஆதாரும் உங்கள் கைவசம், அவசரத்துக்கு இரண்டு இரவு தங்க ஓர் இடம்.

ஒரே ஒருவரிடம் தொடங்குங்கள். அதற்கு முன் செய்தியில் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். மற்றவர்களின் ரகசியத்தை உங்களிடம் சொல்பவர் உங்கள் ரகசியத்தையும் வெளியே சொல்வார். அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், அதை யாராவது படம் பிடித்து மற்றவர்களுக்கு அனுப்பிவிடக்கூடும். நேரில், நடந்துகொண்டே பேசலாம். தீபாவளி வியாபார நெருக்கடியில் வேண்டாம். "அண்ணே, எனக்குப் பொண்ணுங்க மேல ஈர்ப்பு இல்லை, ஆம்பளைங்க மேலதான். இது உங்களோட இருக்கட்டும், மத்தவங்களுக்கு எப்பச் சொல்லணுமோ நானே சொல்லிக்கிறேன்." இவ்வளவு போதும். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

செய்தி கசிந்துவிட்டால் ஒவ்வொருவரிடமாகப் போய் மறுக்காதீர்கள். யார், எப்போது, என்ன சொன்னார் என்று தேதியோடு குறித்து வையுங்கள். குறுஞ்செய்திகளைப் படமெடுத்து வையுங்கள். கசியவிட்டவரிடம் பேசும் வேலையைத் துணைநிற்பவரிடம் விடுங்கள். "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்று பணம் கேட்டால் அது பாரதிய நியாய சன்ஹிதா 308-ஆம் பிரிவின்கீழ் மிரட்டிப் பணம் பறித்தல். கேட்டவர்தான் குற்றவாளி, ஒரு முறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பார். தன்பாலீர்ப்பாளர்களைத் துன்புறுத்துவதைத் தமிழ்நாடு காவல்துறை நடத்தை விதிகள் 2022 முதல் தடை செய்கின்றன. காவல் நிலையத்தில் அலட்சியம் காட்டினால் இதைச் சொல்லலாம். வீட்டில் அடைத்துவைத்தாலோ அடித்தாலோ 112. மனம் தாங்கவில்லை என்றால் அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100, அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு இல்லை. எவ்வளவு சம்பளம் வாங்குபவராக இருந்தாலும் வழக்கறிஞரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம்.